தளர்ந்திருந்த ஆறாவது கம்பி

என் அன்புப் பாவி சாமு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்காக அழுதேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள். திட்ட வேண்டிய விஷயத்தை உயிரோடு இருந்தவரை மறைத்துவிட்டுப் போனாய். இனி எப்போது திட்டுவது?

மூன்று மாதத்துக்கு முன் உன் கிட்டாரை உன் மனைவி எஸ்தர் என்னிடம் கொடுத்தாள். "அவருக்கு வருஷம் திரும்புறப்போ வீட்ல ஜெபம் வெக்கிறோம். அந்தப் பாட்ட நீங்கதாண்ணா வாசிக்கணும்" என்றாள்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. நீயே கட்டி, கடைசிவரை பேர் வைக்காமல் விட்ட பாட்டு. கம்பியைச் சுண்டும் பிக் இல்லாமல் வெறும் விரல்களால் நீ மீட்டினால் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். ஐயம்பேட்டையில் உன் வீட்டு முன்னறையில் இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முயன்று முயன்று தோற்றதும் அதுதான்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். தடித்த ஆறாவது கம்பி தளர்ந்திருந்தது. யாரும் தொடாமல் கிடந்ததால் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். உனக்குச் செய்யும் மரியாதையாகக் கிட்டாரைத் துடைத்து, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆறு கம்பிகளையும் ஒழுங்காகச் சுருதி சேர்த்தேன். இழுவிசை, அதிர்வெண் என்று வருடா வருடம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். ஒரு கம்பி தளர்ந்திருந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

உன் மகள் ஷெரின் எப்போதோ எடுத்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். விரல்கள் ஒருவழியாக ஓடின. ஆனால் அடியில் நீ தரும் அந்தக் கனம் மட்டும் வரவில்லை. போன ஞாயிறு உன் வீட்டில் எஸ்தர், ஷெரின் இருவர் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே ஷெரின் குறுக்கிட்டாள்.

"அங்கிள், ஆறாவது கம்பிய எறக்கவே இல்லியே?"

"எறக்கறதா?"

"இந்தப் பாட்டுக்கு மட்டும் அப்பா அத லூஸ் பண்ணிக்குவாரே. உங்ககிட்ட சொல்லலியா?"

அவளே கிட்டாரை வாங்கித் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாள். கட்டை விரலால் தட்டினேன். வந்துவிட்டது. இருபது வருடமாக வராதது ஒரு நொடியில் வந்துவிட்டது.

நான் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி எதையோ திருகிவிட்டுத்தானே கிட்டாரைத் தருவாய்? சுருதி சேர்த்துக் கொடுக்கிறான், எவ்வளவு நல்லவன் என்று நினைத்திருந்தேன். அதோடு விட்டாயா? "கட்ட விரல்ல பலம் பத்தலடா மச்சான். உங்கப்பா மாதிரி தறியில ஒக்காந்திருந்தா வந்திருக்கும். நீ சாக்பீஸ் புடிச்சிக்கினே காலத்த ஓட்டிட்ட" என்பாய். அதையும் நம்பி ஒரு வருடம் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தேனே, சாமு. அந்தப் பந்தைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்திருப்பாய்!

எஸ்தர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏம்மா, இவன் ஏன் எனக்கு இப்படிப் பண்ணான்?" என்று அவளிடம் கத்தினேன்.

"உங்களப் பத்தித்தாண்ணா, கத்துக்கினா ஏகா அவன் வீட்லயே வாசிச்சிக்குவான், இங்க வரமாட்டான்னு சொல்லிச் சிரிப்பாருண்ணா."

"நான் என்ன பாட்டுக்காகவா வந்தேன்?"

அவள் கை நின்றது. "அது அவருக்கு எப்படிண்ணா தெரியும்? ஒரு வாட்டியாவது அவர உங்க வீட்டுக்கு வான்னு கூப்ட்டீங்களா?"

என் அம்மா இருந்தவரை உன்னை வாசலுக்குள் கூப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது உனக்கும் தெரியும். நாம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு என்னை யார் தடுத்தார்கள்?

இதைச் சொல்லிவிட்டதால் உன் தப்பு இல்லையென்று ஆகிவிடாது. "ஏண்டா, நான் உன் வீட்டுக்கு வரக்கூடாதா?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே. கேட்காமல், சிரித்துக்கொண்டே ஒரு கம்பியை இறுக்கி என் கையில் கொடுத்தாய். அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

ஜெபம் முடிந்து அடுத்த ஞாயிறு, எஸ்தரும் ஷெரினும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "பாக்கலாம்ணா" என்றாள் எஸ்தர். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷெரின்தான் கேட்டாள்: "நான்வெஜ் உண்டா அங்கிள்?"

உண்டு என்றேன். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் பாட்டை வாசிப்பேன், சாமு. தப்பு விழுந்தாலும் நிறுத்தமாட்டேன். எஸ்தர் மறுத்தால் அடுத்த ஞாயிறும் போய் அழைப்பேன், அதற்கடுத்த ஞாயிறும். அவள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாலும் என் கோபம் தீராது. என் வீட்டில் நீ உட்காராமல் போனதற்கு நான் யாரை அழைத்து ஈடுகட்டுவேன்?

நீ வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்டும், உன்னை ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிடாத,
உன் மச்சான்
ஏகாம்பரம்