ஞாயிற்றுக்கிழமைப் படகு

1991 மே 5, ஞாயிறு

குளிர் காற்று. வெயில் பேருக்கு. லைப்ரரிப் பலகையில் பார்த்த பாய்ப்படகு வகுப்பு, முதல் நாள். போன மாதம் பயந்து பயந்துதான் அவரிடம் கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, "ஓம், போவம்" என்றார். என்னைவிட அவருக்குத்தான் அவசரம்!

கல்யாணமாகி இரண்டு வருடம். இருவருக்கும் ஒன்றாகப் பிடித்தது இதுவரை இறால் பொரியல் மட்டும். மற்றபடி அவருக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட், மேசையில் மூடி வைத்த சோறு.

ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் ஏரி. பக்கத்தில் விமான நிலையம், தலைக்கு மேலே ஓயாமல் விமான இரைச்சல். பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு. பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரே கதை. இந்த மனுசனுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமா!

மே 12, ஞாயிறு

மேகம். காற்று பலம். சுக்கான் என் கையில், பாய்க் கயிறு அவர் கையில். பாயின் அடியில் நீளமாக ஓர் அலுமினியக் கட்டை, பூம் என்கிறார்கள். படகு திரும்பும்போது குறுக்கே வீசும். சுக்கான் பிடிப்பவர் முன்கூட்டியே கத்த வேண்டும், மற்றவர் குனிய வேண்டும்.

கத்தினேன். "இஞ்சாருங்கோ, ஒருக்காக் குனியுங்கோவன்..." மேலே விமானம். மடார். நெற்றியில் தேசிக்காய் அளவு வீக்கம்.

சொல்லித்தருகிற கீத் கரையில் வைத்துக் கேட்டார், ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று. எங்கள் ஆட்களில் பெண்சாதி புருசன் பெயரைச் சொல்வதில்லை என்றேன். வரும் ஞாயிறு சோதனை. பாஸானால்தான் கோடை முழுக்க நாங்கள் இருவரும் தனியே படகு எடுக்கலாம். இப்படியே கூப்பிட்டால் ஆபத்தாம்; ஆளுக்கொரு படகு, வேறு வேறு ஜோடி என்றார்.

வேறு ஜோடியா? விடமாட்டேன்.

மே 14, செவ்வாய்

மழை. வாங்க வேண்டியது: மரவள்ளி, செத்தல் மிளகாய், அவருக்குத் தலையிடிக் குளிசை, எனக்கு ரப்பர் சப்பாத்து.

சவுத்தாலில் இருந்து மச்சாள் போன். அவரின் அக்கா. "கடல் தாண்டி வந்தது காணாதே? தம்பியின்ர மண்டையை உடைச்சுத்தான் விடுவீர் போல." எனக்கு வந்ததே கோபம். "பழகிறம் மச்சாள். அடுத்த முறை உடையாது" என்று வைத்துவிட்டேன்.

அவர் வேலைக்குப் போனபின் குசினியில் பயிற்சி. தேங்காய்த் திருவலையைப் பார்த்து அவர் பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்றால், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இங்கே எழுதவும் கை கூசுகிறது. சீ, என்ன வெட்கம்!

மே 17, வெள்ளி

பெயர் வாயில் வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப சுக்கானை நான் பிடிக்கட்டே?" பாவம்.

"ஏலாது. நீங்கள் பிடிச்சா படகு வட்டமெல்லோ போடும்."

"அதுவும் உண்மைதான்." சிரிப்பு. வீக்கம் வற்றி இப்போது நீலம். "பேரைச் சொல்லும். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

அவர் நினைக்க மாட்டார். என் வாய்தான் மறுக்கிறது. ஆனாலும் பழகியே தீருவேன்.

மே 19, ஞாயிறு

காற்று கண்டபடி. கீத் பக்கத்துப் படகில், எங்களையே பார்த்தபடி. முதல் திருப்பங்களுக்குக் "குனியுங்கோ" போதுமாக இருந்தது. பிறகு திடீரென்று காற்று மாறியது. மேலே விமானம். அவரோ சிக்கிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். பூம் வருகிறது. அதே நெற்றிக்கு.

"யோகநாதன்! குனி!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். பொத்தென்று விழுந்து படுத்தார். பூம் மேலால் போனது. எனக்கு அழுகை, சிரிப்பு எல்லாம். சுக்கானை மட்டும் விடவில்லை.

கீத் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பாஸ்!

பஸ்ஸில் யன்னல் பக்கமே பார்த்தபடி வந்தார். கோபமோ என்று பயந்தேன். இறங்கியதும், "இன்னொருக்காக் கூப்பிடும்."

"ஏன், இஞ்ச பூம் வருகுதே?"

"இல்லை. சும்மாதான்."

தெருவில் ஆட்கள். கூப்பிட்டேன்.

இப்போது யோகநாதன் கீழே இறால் உரிக்கிறார்.