வால்வுக் குழியில் ஒரு பலகை

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்திதான் எங்கள் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறாள் என்று சந்தேகப்பட்டு, போன மாதம் மிளகுத் தோட்டத்து வால்வைக் குழிக்குள் இறக்கி, வாளியைக் கவிழ்த்து, மேலே சருகு போட்டு மறைத்தேன். இன்று சருகை விலக்கினால் வாளி வெடித்திருக்கிறது, அதன்மேல் தடித்த பலாப்பலகை ஒன்று. வால்வு மட்டும் நான் திருகிவைத்தபடியே இருந்தது. பாப்பாத்தியையே கேட்டேன்.

"மாடு மிதிச்சுப் போட்டுதுங்கக்கா. பைப்பும் ஒடைஞ்சிருமேன்னு நாந்தான் வெச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வால்வு இருக்கற எடம் எனக்குத் தெரியுமின்னு தெரிஞ்சா, உங்களுக்குத் தூக்கம் வராதுங்களே."

சிரிக்காமல்தான் சொன்னாள். சந்தையில் நாலு பேரிடம் அவளைத் தண்ணீர்த் திருடி என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒருத்தி அவள் நாத்தனார். விடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் எப்போதும்போல வாசலிலேயே "வாங்கக்கா" என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வேன்?