கணினிக்குள் நின்ற ஆள்

திங்கள், 5ஆம் திகதி

சோளகக் காற்று. காலையிலேயே பள்ளிமுனை றோட்டெல்லாம் மணல். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்கு.

நண்டுத் தொழிற்சாலைக்கு இயந்திரக் கை வந்து இறங்கிவிட்டது. இன்னும் பெட்டிக்குள். அவித்த நண்டுத் தட்டுகளை ஓடும் பெல்ற்றிலிருந்து தூக்கி, தராசில் வைத்து, பிறகு வண்டியில் அடுக்கப்போகும் கை. பொருத்திப் பூட்டுவதற்கு முன்னம் முழு வேலையையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு.

இன்று முதல் ஓட்டம். எட்டு மணித்தியால வேலை ஏழு நிமிடத்தில். ஒரு தட்டும் தேங்கவில்லை. சரிபார்க்க இரண்டாம் தரம். மூன்றாம் தரம் சும்மா, ஆசைக்கு. பெட்டியை இன்னும் உடைக்கவேயில்லை, அதற்குள் இவ்வளவு அழகான வேலை. தேத்தண்ணி ஆறிப்போனது.

நாளை: தூண் இடைவெளி அளக்க. அம்மாவின் கண் மருந்து.

செவ்வாய், 6

அளவு நாடாவோடு கீழே போனேன். பெல்ற்றடியில் ஸபியா அக்கா. எருக்கலம்பிட்டி ஆள், தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இங்கே. கதைத்துக்கொண்டே பெல்ற்றின் கரைக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார்.

"என்னக்கா அது?"

"முறிஞ்ச நண்டுக்கால் மிஸ். எடுக்காட்டித் தட்டு சரிஞ்சுபோகும்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"ஆர் எண்ணினது? சிக்கச் சிக்க எடுக்கிறதுதான்."

நின்று எண்ணினேன். ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தரம். எங்கள் திட்டத்திலோ அந்த இடத்தில் ஆளே இல்லை.

மேலே வந்து கணினியில் ஒரு மனித உருவம் சேர்த்தேன். அக்காவின் உயரம், அவர் கை எட்டும் தூரம். உண்மை வேகத்தில் ஓட்டினேன். மூன்றாம் தரம் உருவம் குனிந்தபோது இயந்திரக் கை அதன் தலைக்கூடாகப் போய், தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியது. சத்தமில்லை. மோதியதற்கு அடையாளமாக ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். வேலை தன் பாட்டுக்கு நடந்தது.

ஓட்டத்தைப் பதிவுசெய்து வைத்தேன், நாளை மனேச்சருக்குக் காட்ட.

புதன், 7

மனேச்சரிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார்.

"அந்த இடத்தில ஆக்கள் நிக்கக்கூடாதெண்டு சொல்லிவிடுவம்."

"அப்ப நண்டுக்காலை ஆர் சேர் எடுக்கிறது?"

மனேச்சர் கலண்டரைப் பார்த்தார். பிறகு, "இருபதாம் திகதி ஓட்டிக் காட்டவேணும். பிந்தினா மேலிடத்துக்கு என்னாலை பதில் சொல்லேலாது."

"பிந்தாது சேர்." எந்தத் துணிவில் சொன்னேனோ.

பெல்ற்றுக்குக் குறுக்கே ஒளிக்கோடு போடலாம். ஆள் குறுக்கிட்டால் இயந்திரக் கை நிற்கும். ஆனால் ஒவ்வொரு தரமும் நின்றால் வாசல்வரை தட்டுகள் தேங்கும். ஆகவே வேலை ஒழுங்கையே மாற்ற வேண்டும். இயந்திரக் கை வண்டிப்பக்கம் திரும்பும் நேரம் பெல்ற்றடி வெறுமை. அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, ஒரு பச்சை விளக்கு. அது எரியும்போது அக்கா எடுக்கலாம். மறந்தால் ஒளிக்கோடு காக்கும்.

பதினாறு ஒழுங்குகள் பிழை. பதினேழாவதில் ஒரு தட்டும் தேங்கவில்லை, சிவப்புப் புள்ளியும் இல்லை. கதிரையில் சாய்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுதுவிட்டு எழும்பியதுபோல மனம்.

செவ்வாய், 20

மழைக்குணம். புதுச் சப்பாத்து கடிக்கிறது.

எல்லாரும் சுவரோரம், ஸபியா அக்கா மட்டும் பெல்ற்றடியில். பூட்டி முடித்த இயந்திரக் கை எழும்பியது. திரையில் நான் கண்ட அதே திருப்பம், தராசடியில் அதே சின்னத் தயக்கம். நான் போட்ட கோட்டில் இரும்பு நடக்கிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். நண்டுக்கால் ஒன்று சிக்கியது. பச்சை விளக்கு எரியவில்லை. ஸபியா அக்கா பழக்கதோஷத்தில் குனிந்து கையை விட்டார்.

இயந்திரக் கை நின்றது. தட்டைத் தூக்கியபடி, அவருக்கு ஒரு முழம் தள்ளி, அந்தரத்தில்.

அக்கா நண்டுக்காலை இழுத்து எடுத்தார். நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"எனக்காண்டி நிண்டதோ மிஸ்?"

"ஓம் அக்கா."

பின்னால் தள்ளி வந்தார். திரும்ப ஓடவிடப் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கை நீட்டினேன். அக்கா ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு, தானே அழுத்தினார்.