வீடு எண் நான்கு

மார்ச் 3, திங்கள்

பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. இந்த ஊரிலும் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கதவு, ஒரு அழைப்பு மணி, ஐந்து நாற்காலி. அதில் மூன்றில்தான் ஆள். பக்கத்து அலுவலகக்காரர் எட்டிப் பார்த்து, என்ன தொழில் என்று விசாரித்தார். அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பது, அதற்குச் சம்பளமும் உண்டு என்றேன். சிரித்தார். பொய் ஒன்றுமில்லையே. சோப்பு செய்கிறவருக்கும் கட்டில் செய்கிறவருக்கும் ஜனங்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருக்கிறது. நாங்கள் போய் உட்கார்ந்து, பார்த்துச் சொல்கிறோம்.

வாத்தியார் இன்னும் இந்த ஊருக்குப் பழகவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். இந்த நோட்டில் அவருக்கு அதுதான் பெயர். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளியை எனக்காக விட்டுவிட்டு ஜனவரியில் என்னோடு வந்தார். இங்கே இல்லாத பள்ளியா, ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னது நான்தான்.

மார்ச் 5, புதன்

தலைக்கு மேல் வேலை. வாத்தியார் நன்றாக இருக்கிறார்.

மார்ச் 19, புதன்

முதல் வேலை கிடைத்துவிட்டது. மேஜை நாற்காலி செய்கிற நிறுவனம். புது ஊருக்குக் குடிபோகிறவர்கள் எத்தனை நாளில் அந்த வீட்டைத் தங்கள் வீடாக நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். சாப்பிடும்போது வாத்தியாரிடம் சொன்னேன்.

"நல்ல கேள்வி. விடை தெரிஞ்சா எனக்கும் சொல்லு," என்றார்.

சிரித்துவிட்டேன்.

அவருக்குப் பள்ளி எதுவும் அமையவில்லை. பள்ளி வருஷம் முடிகிற நேரத்தில் யார் ஆள் எடுப்பார்கள்? பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் போன் செய்தாராம். எதற்கென்று கேட்டேன். கேட்டேனா? இல்லை, கேட்கவில்லை. அதற்குள் எனக்கு ஒரு போன் வந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

புதிதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். பத்து வருஷம் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்மணி. நல்ல கண். எங்கள் வழக்கப்படி, புதிதாக வருகிறவர் முதலில் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். அபிப்பிராயம் கூடாது. திங்கட்கிழமை அதை எல்லோர் முன்னாலும் வாசிப்போம். பெயர் சொல்ல மாட்டோம், வீட்டு எண் மட்டும்.

வரச்சொன்ன குடும்பம் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. என் வீட்டுக்கே போங்களேன் என்றேன். நாங்களும் புதிதாகக் குடிவந்தவர்கள்தானே. வாத்தியாரும் சரி என்றார். அவருக்கும் ஒரு பேச்சுத்துணை.

ஏப்ரல் 28, திங்கள்

இதை அடுத்த வாரம் வாசிக்கலாமா மேடம் என்று புதியவர் மெதுவாகக் கேட்டார். வழக்கத்தை மாற்றக் கூடாது என்று நான் கறாராகச் சொன்னேன். எனக்கு நன்றாக வேண்டும்.

வாசித்தார். "வீடு எண் நான்கு. வசிப்பவர்கள் இருவர். மனைவியின் துணிகள் அலமாரியில் இருக்கின்றன. பழைய வகுப்புப் படம் ஒன்றைக் காட்டக் கணவர் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். அவர் சட்டைகளும் அதில்தான் இருந்தன. படத்தை வைத்துவிட்டு மறுபடி பூட்டினார். மேஜையில் பத்தாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள்கள் பதினொன்று, கையால் எழுதியவை. யாருக்கு என்று கேட்டேன். யாருக்கும் இல்லை என்றார். மூன்று மணி நேரத்தில் அவர் போன் ஒரு தரமும் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் விடாமல் பேசினார். நான் கிளம்பியபோது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்."

பிறகு ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும், அதை நான் பலகையில் எழுத வேண்டும். அதுவும் வழக்கம்தான். அறிக்கைக்குப் படம் வரைகிறவர் சொன்னார்: "இவர் குடிவரவே இல்லை மேடம். சும்மா தங்கியிருக்கார்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். புதியவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே அந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று சொல்லுவேன். பெரிய கெட்டிக்காரி. அந்தக் கட்டிலில்தானே தினமும் படுக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் கேட்டேன், பெட்டியை ஏன் இன்னும் பிரிக்கலைன்னு.

"நீ கேக்கறியான்னு பாத்துட்டு இருந்தேன்," என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

அதுக்கு மேல நான் என்ன கேட்டேன்? எப்பலேர்ந்து அப்படித் தோணுது, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க... போற வீட்டிலெல்லாம் கேக்கறதையே கேட்டிருக்கேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னைப் பேட்டி எடுக்காதே. பொண்டாட்டியா ஒரு வார்த்தை பேசு."

கல்யாணமாகி பத்தொன்பது வருஷம் ஆச்சு. பையை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போயிட்டேன். ஏன் போனேன்? ஒரு நாள் போகலேன்னா என்ன குடியா முழுகிடும்?

மே 4, ஞாயிறு

தலைமை ஆசிரியர் எதற்குப் போன் செய்தார் என்று இன்று கேட்டேன். வாத்தியார் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம்.

மே 17, சனி

வாத்தியாரை ரயிலேற்றிவிட்டு வந்தேன். பழைய வீட்டைப் பூட்டித்தான் வைத்திருந்தோம், அங்கேயே இருந்துகொள்வார். நானும் வேலையை விட்டுவிட்டு வந்துடறேன் என்று பிளாட்பாரத்தில் சொன்னேன். சொல்லும்போதே என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"வேண்டாம். நீ இங்க நல்லா இருக்கே. நான் அங்க நல்லா இருப்பேன்," என்றார்.

இரண்டாம் தரம் நான் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. ரயில் போன பிறகு நின்று அழுதேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 9, திங்கள்

அறிக்கையைக் கொடுத்தோம். மேஜை நாற்காலிக்காரர்களுக்கு ஏக சந்தோஷம். எல்லாவற்றிலும் நாலாம் நம்பர் வீடுதான் மனதைத் தொட்டதாம். அவரை மறுபடி ஒரு தடவை பார்க்க முடியுமா என்றார்கள். ஊரை விட்டுப் போய்விட்டார் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று வாத்தியாருக்குப் போன் செய்தேன். குரலில் அவ்வளவு தெம்பு. பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேராம். பின் வரிசையில் ஒரு பெண் அவரையே மடக்கிவிடுகிறாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நான் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"எத்தனை நாள் இருப்பே?"

பதினெட்டு வருஷம் நான் பெருக்கித் துடைத்த வீடு அது. வருகிற விருந்தாளிகளுக்கு முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

ரெண்டு நாள் என்றேன்.

"சரி, வா. முன்னறையில படுக்கை போட்டு வைக்கிறேன்."