ஜூரிமாருக்கு நான் கொடுத்த றோல்ஸ்

அனுப்புநர்:
யோகமலர் எட்வேட்,
மல்வேர்ன், ஸ்காபரோ.

பெறுநர்:
தலைமை அரச வழக்குத்தொடுநர் அவர்கள்,
ரொறன்ரோ.

விடயம்: என் கணவர் எட்வேட் மீதான மறுவிசாரணையைக் கைவிடக் கோருதல், இயலாவிடில், அவரை விடுவிக்க ஜூரிமாரால் முடியும் என்பதை அவர்களிடமே சொல்லக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீதிமன்றத்தில் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தந்தீர்கள். அந்த நம்பிக்கையில் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. என் கணவரின் தங்கை அன்ரனெற், கனடாவில் தஞ்சம் கேட்பதற்கான தவணை நாளை எதிர்பார்த்து, எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோவில் காய்ச்சலுடன் கிடந்தார். தவணை வரும்வரை பொறுக்காமல் என் கணவர் அவரைக் காரின் டிக்கிக்குள் ஒளித்துவைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தார். சாட்சிக்கூண்டில் ஏறியதும், “ஓம், நான்தான் கொண்டந்தனான். தேவையெண்டா இன்னொருக்காவும் கொண்டருவன்” என்றார். எங்கள் சட்டத்தரணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

2. இனி ஒரே வழிதான் உண்டு என்று சட்டத்தரணி எங்களுக்கு விளக்கினார். சட்டம் என்ன சொன்னாலும், மனச்சாட்சிப்படி ஒருவரை விட்டுவிட ஜூரிமாரால் முடியுமாம். ஏன் விட்டீர்கள் என்று எவரும் கேட்கமுடியாதாம். ஆனால் அதை அவர்களிடம் சொல்லச் சட்டத்தரணிக்கு அனுமதி இல்லையாம். நாட்டின் உச்ச நீதிமன்றமே தடுத்திருக்கிறதாம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாடு எங்கே இருக்கிறதென்று சொல்லாமல் விடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தால் சில ஜூரிமார் கொடுமைக்காரனையும் தங்களுடைய ஆள் என்று விட்டுவிடுவார்கள் என்றும் சட்டத்தரணி சொன்னார். யோசித்துப் பார்த்தேன், நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் யாராவது சொல்லித்தரட்டும் என்று காத்திருக்கமாட்டார்கள். சொல்லித்தரவேண்டியது சட்டத்துக்குப் பயந்த நல்லவர்களுக்குத்தான்.

3. அடுத்தது றோல்ஸ் விடயம். எங்கள் காரியத்துக்காக வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பட்டினி போட எனக்கு மனம் வராது. இடைவேளையில் ஜூரிமார் விறாந்தைக்கு வந்தபோது ஆட்டிறைச்சி றோல்ஸ் தட்டை நீட்டினேன். ஒருவர் உறைக்குமா என்று கேட்டார், ஒருவர் கடித்தே விட்டார். உங்கள் தரப்புச் சட்டத்தரணிக்கும் நீட்டினேன் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். லஞ்சம் கொடுப்பவள் எதிர்த்தரப்புக்கும் கொடுப்பாளா? நீதிபதி அந்த ஜூரியைக் கலைத்து, புதிய ஜூரியுடன் மறுவிசாரணைக்கு நாள் குறித்துவிட்டார். றோல்ஸைப் பொலிசார் சான்றுப்பொருளாகக் கொண்டுபோனார்கள். நாளைக்குத் தாங்காது என்று சொன்னேன். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இது என் பிழை. தண்டனை உண்டென்றால் எனக்குத் தாருங்கள்.

4. குற்றவாளி என்று தீர்ப்பானால், இன்னும் குடியுரிமை கிடைக்காத என் கணவரை நாடுகடத்துவார்கள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்ரனெற்றையோ இதே அரசாங்கம் அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரும்படி உங்கள் அலுவலகம் அவருக்கு அழைப்பாணை அனுப்பியிருக்கிறது. என்ன சொல்வதென்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொல்லும்படி சொன்னேன்.

ஆகவே இவ்வழக்கைக் கைவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். முடியாதென்றால், அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லி முடித்ததும், அதைக் கேட்ட பின்பும் அண்ணனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியவேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லக்கூடாதாம். நீங்களாவது சொல்லுங்கள் ஐயா.

இடம்: ஸ்காபரோ
திகதி: 12.11.1996

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
யோகமலர் எட்வேட்