மஞ்சள் நூல், மூன்று தையல்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுகம் சொல்கிற வரிசையில் கடையையும் ஏன் சேர்த்தேன் என்று கேட்பாய். போன மாதம் போனில், "போதும்ப்பா, கடைய மூடிட்டு இங்க வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாய் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம்தான் காரணம் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். தினமும் ஒத்தடம் கொடுத்த மனுஷனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நமக்குச் சலவை மெஷின் விற்ற மெஷின்காரரை நீ மறந்திருக்க மாட்டாய், உன் கல்யாணத்துக்கு ஆள் உயரச் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தவர். பதினாலு வருஷமாக நம் இரண்டு மெஷினும் டிரையரும் அவர் கொடுத்ததுதான், சர்வீஸும் அவரேதான். வந்தால் மெஷினைப் பார்ப்பது கால் மணி நேரம், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி என்னோடு பேசுவது ஒரு மணி நேரம். எந்தக் கிழமையில் கூட்டம், போர்வை எப்போது அதிகம் வரும், பல் டாக்டர் வீட்டுத் துணி வாரத்துக்கு எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்க ஆள் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது என்பது உனக்குத் தெரியாததா. ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாதான் இஸ்திரி போட்டபடியே ஒருநாள், "அவர் டீ குடிக்க வரலைங்க, பாடம் படிக்க வர்றார்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த ஆறாவது மாதம், நம் கடையிலிருந்து நாலு கடை தள்ளி, செருப்புக்கடை இருந்த இடத்தில், பன்னிரண்டு மெஷினும் கண்ணாடிக் கதவும் மெத்தை நாற்காலியுமாக அவரே சலவைக் கடை திறந்துவிட்டார். திறப்புவிழா அழைப்பை முதலில் கொண்டுவந்து கொடுத்ததும் நமக்குத்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்றார். நானும் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன், அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல.

நமக்கு மெஷின் என்றால் விலை கொடுத்து வாங்குகிற பொருள், அவருக்கு அது கிடங்கில் கிடக்கிற பொருள். அதனால் நம்மைவிடக் குறைவாகத் துவைத்துக் கொடுத்தார், இரண்டே மாதத்தில் பாதி வாடிக்கை அந்தப் பக்கம் போய்விட்டது. போதாக்குறைக்கு நம் டிரையரில் பேரிங் போய்விட்டது. அதையும் அவரிடம்தான் வாங்க வேண்டும். வந்துகொண்டே இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று மூன்று வாரம் ஓட்டினார். மழை வேறு. பின்கட்டில் கயிறு கட்டி, மின்விசிறியைத் திருப்பி வைத்து அம்மா துணி உலர்த்தினாள், கடை முழுக்க ஈரவாடை. அந்தச் சமயம் பார்த்து மெஷின்காரர் வந்து, கடையைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். அக்கா மேற்பார்வைக்கு வரட்டும், நீங்கள் முன்னால் உட்கார்ந்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றார். சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அதே வாரம்தான் நீயும் போனில் மூடச் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன்.

சனிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், வாசலில் அவருடைய வேன். பதிலுக்கு இவ்வளவு அவசரமா என்று பார்த்தால், ஏழு பெரிய மூட்டைகளை இறக்குகிறார். முகத்தில் ஈயாடவில்லை. இங்கே நம் நூல் விஷயத்தைச் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியும்தான், பேத்திக்குப் படித்துக் காட்டும்போது அவளுக்கும் புரியட்டும். நம் கடையில் துணிக்குச் சீட்டு கிடையாது, சீட்டு தண்ணீரில் கரையும், மை அழியும். ஒரு வீட்டுக்கு ஒரு நூல். நிறமும் தையல் எண்ணிக்கையும்தான் அடையாளம், காலருக்குள்ளோ இடுப்புப் பட்டிக்குள்ளோ அம்மா போட்டுவிடுவாள். போட்டதைப் பிரிப்பதே இல்லை, துணி கிழியும் வரை அது அந்த வீட்டு நூல். எந்த நூல் யார் வீடு என்பதற்கு நோட்டு இல்லை, எல்லாம் அம்மா மண்டைக்குள் இருக்கிறது. இதையும் நான் டீயோடு சேர்த்து அந்த மனுஷனுக்கு ஊட்டியிருந்தேன். அவரும் தன் கடையில் நூல் போட ஆரம்பித்துவிட்டார். பச்சை ஒரு தையல் வங்கி மேனேஜர் வீடு, சிவப்பு இரண்டு தையல் என்றால் தையல்காரர் வீடு என்று முதலிலிருந்து புதுக்கணக்கு. ஆனால் அங்கே வந்தது யார் துணி? நம்மிடமிருந்து போனவர்கள் துணி. அதில்தான் ஏற்கெனவே நம் நூல் இருக்கிறதே. வேலைக்கு இருந்த பெண்கள் நூலைப் பார்த்ததும், இதற்குப் போட்டாகிவிட்டது என்று அப்படியே மெஷினில் தள்ளியிருக்கிறார்கள். பிறகு தங்கள் கணக்குப்படி பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். நம் கணக்கில் சிவப்பு இரண்டு தையல் பல் டாக்டர் வீடு, அவருடைய வெள்ளைக் கோட்டு தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது, வங்கி மேனேஜருக்கு யார் வீட்டுப் பாவாடையோ போயிருக்கிறது. ஏழு வீட்டுக்காரர்களும் மாறி வந்த துணியோடு அவர் கடைக் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். எது யாருடையது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அதனால்தான் மூட்டையோடு அம்மாவைத் தேடி வந்திருக்கிறார்.

நான் விடுவேனா. அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், முதலில் பேரிங்கைக் கொடுக்கட்டும், பிறகு மூட்டையைத் தொடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "துணி என்னங்க பாவம் பண்ணுச்சு? அது அவர் துணி இல்ல, நம்ம ஆளுங்க துணி" என்று சொல்லிவிட்டுப் போய் மேஜையில் மூட்டையை அவிழ்த்தாள். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. காலரைப் புரட்டி நிறத்தைப் பார்ப்பாள், விரலால் தையலைத் தடவி எண்ணுவாள், டாக்டர் என்பாள், அடுத்தது, தையல்காரர் என்பாள். மத்தியானத்துக்குள் ஏழு அடுக்கு, ஓரம் பிசகாமல். மெஷின்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வேனில் ஏற்ற எழுந்தார். அம்மா, "அலையாதீங்க, இங்கயே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் நூலைக் காட்டித்தான் கொடுக்கணும்" என்றாள். மறுக்க வழி இல்லாமல் அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு நம் கடைக்குப் போகச் சொன்னார். வந்தார்கள், வாங்கினார்கள், அழுக்குத் துணியை யாரும் கேட்காமலே நம் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏழில் ஐந்து வீடு நிரந்தரமாக நம்மிடம் திரும்பிவிட்டது. உன் அம்மாவை வெகுளி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பேரிங் வந்தது. அவரே எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்று மாட்டுங்கள், ஒன்று கையில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அம்மா இரண்டு வாங்கிக்கொண்டாள். டீ கொடுத்தோம். ஆனால் இந்தத் தடவை கேள்வி கேட்டது நான். எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும், பெல்ட் எவ்வளவு இறுக்கம், இதே பொருள் வேறு எங்கெல்லாம் கிடைக்கும். மனுஷனுக்கும் கேட்க ஆள் கிடைத்தால் தலைகால் புரியாது போலிருக்கிறது, ஒன்று விடாமல் சொன்னார். அடுத்த தடவை நானே மாட்டிவிடுவேன். கடையை விடுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் கடை நடக்கட்டும், அவசரக்காரர்களும் கனத்த போர்வைக்காரர்களும் அங்கே போகிறார்கள், இப்போது துணிக்கு அடையாளச் சீட்டு கட்டுகிறாராம். நமக்கு நம் வீடுகள் போதும். அன்றைக்கு மாலையில் அம்மாவிடம், கடையைக் கொடுத்துவிட இருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு, ஒரு வாரமாக நீங்கள் வளவளவென்று பேசவில்லையே என்றாள்.

ஆகவே நாங்கள் நிரந்தரமாக வரவில்லையம்மா, கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு லீவு விடும்போது ஒரு மாதம் வந்து இருக்கிறோம், வாடிக்கைக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன். உனக்கு இரத்தம் குறைவு என்றாயே, நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை நாற்காலியில் வளைந்து உட்கார வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று. அந்த ஏழு மூட்டையில் பாட்டு டீச்சர் வீட்டு அடுக்கைப் பிரிக்கும்போது அம்மாவின் கை ஒரு நீல ஸ்வெட்டரில் நின்றுவிட்டது. கல்யாணமாகிப் போகும்போது அலமாரியைக் காலி செய்து டீச்சரின் சின்ன மகளுக்கு நீ கொடுத்தாயே, உன் பள்ளிக்கூட ஸ்வெட்டர். காலருக்குள் டீச்சர் வீட்டு ஊதா நூல், அதற்குப் பக்கத்தில் நம் வீட்டு நூல், மஞ்சள், மூன்று தையல். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று தையலையும் விரலால் தடவிப் பார்த்தாள். டீச்சர் வந்தபோது, மகளுக்குச் சிறிதாகிவிட்டது, உங்கள் பேத்திக்கு அனுப்புங்கள் என்று கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. கட்டும்போது அம்மாவிடம் நான் கேட்டேன், உன் வீட்டுக்கு இன்னும் நூலே ஒதுக்கவில்லையே, என்ன நிறம் போடுவது என்று. "அவளுக்கு எதுக்குங்க வேற நூல்?" என்று சொல்லிவிட்டு, பழையது தளர்ந்திருந்த இடத்தில் அதே மஞ்சளில் இன்னொரு முறை தைத்தாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். ஸ்வெட்டரை நிழலில் உலர்த்து. கழுத்தில் குத்துகிறது என்று பேத்தி சொன்னாலும் அந்த நூலைப் பிரித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வாயாடி அப்பா