அம்மா பக்கத்து டயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், பிக்கப் வண்டியும் நேற்றிலிருந்து நலம். போனில் இருமினாயே, அது போய்விட்டதா என்று எழுது.

மழையன்று வளைவில் வண்டி வழுக்கி ஒரு வேலியைத் தொட்டு நின்றதை அம்மா சொல்லியிருப்பாள், அவள் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை, விற்கக் கொண்டுபோன செடித் தொட்டிகளில் ஆறு கவிழ்ந்தன, அவ்வளவுதான். ஆனால் நாலு டயரையும் மாற்றும்வரை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரம் செடிகள் என்னோடும் அவள் பேருந்திலுமாகச் சந்தைக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் அவளே முதலில் வந்து நின்றாள், அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் இருக்கையில் ஒரு ரோஜாத் தொட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தேன். அது என் ஓட்டுதலில் ஒரு குறையும் சொல்லவில்லை. பயணம் இத்தனை சலிப்பானது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் நேற்று டயர்க் கடைக்குப் போனோம், அவள் பேருந்தில். டயரைப் பற்றி எனக்கு அறிவு இல்லாவிட்டாலும் கருத்து உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் தன் கருத்தைத் தந்தனுப்பியிருந்தார், அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. கடையில் சேற்றுக்கும் பாறைக்குமாகச் செய்த, பல் பல்லாக நிற்கும் டயர் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வண்டி எந்த மாதிரி வழியில் ஓடும் என்று கடைக்காரர் கேட்டார். மேடு, பள்ளம், சேறு, எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். அம்மா, "வீட்லேருந்து சந்தை, சந்தையிலேருந்து வீடு. நடுவுல ஒரு வேகத்தடை இருக்கு" என்றாள். அவர் என் மலைப் பயணத்தை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு, ஈரமான தார்ச்சாலையில் பிடித்து நிற்கிற, பாரம் தாங்குகிற டயரை எடுத்துக் காட்டினார்.

பழையதைக் கழற்றும்போதுதான் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கத்து டயர் இரண்டும் புதுசு மாதிரி, என் பக்கத்தது இரண்டும் மொட்டை. "ஒரு பக்கமா மட்டும் எப்படி சார் தேயும்?" என்றார் கடைக்காரர். இரண்டு வருடமாக நல்ல டயர் எது கிடைத்தாலும் அம்மா உட்காரும் பக்கம் மாட்டிவந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் வண்டி சுற்றத்தான் செய்யும், அன்று வேலிக்குப் போனதே அதனால்தான் என்று அவர் நிதானமாக விளக்கினார். நான் அம்மாவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். ஒரு மாதத்துக்காவது திட்டு இருக்கும் என்று நினைத்தேன். "ஏங்க, வண்டி ரெண்டாப் பிரிஞ்சா போகும்? நான் மட்டும் வீட்டுக்கு வந்து என்ன பண்றது?" என்றாள். கடைக்காரர் கையிலேயே வைத்திருந்த ஸ்பானரை உள்ளே போய் வெகுநேரம் தேடினார்.

நாலும் ஒரே மாதிரி மாட்டியாயிற்று. நான் சாவியைத் தேடுவதற்குள் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை என் ஓட்டுதலில் பதினோரு குறை சொன்னாள், எண்ணிக்கொண்டே வந்தேன்.

உன் காரின் டயரையும் குனிந்து பார். மாப்பிள்ளை அன்பு மிகுந்துபோய் எதையாவது மாற்றி மாட்டியிருக்கிறாரா என்று பக்குவமாக விசாரி. இருமலை அலட்சியம் செய்யாதே. இருவரும் நெடுங்காலம் ஒரே அளவாகத் தேய்ந்து நன்றாக இருங்கள்.

வேகத்தடையில் மெதுவாகப் போகும்,
உன் அப்பா